சுரங்கத்துக்கு இந்தப் பக்கம்

கருங்காட்டுத் தோட்டத்தின் முதல் வழி ஆகாயத்தில் இருந்தது. மேல் டிவிசனில் கிள்ளிய தேயிலைக் கொழுந்தைச் சாக்கில் அமுக்கி, கொக்கியில் மாட்டி, பள்ளத்தாக்குக்குக் குறுக்கே இழுத்துக் கட்டிய கம்பியில் விடுவார்கள். சாக்கு தன் பாரத்தில் வழுக்கிக் கீழே தொழிற்சாலைக்குப் போகும். அது இறங்க இறங்க, மறு கம்பியில் வெறுங்கொக்கி ஒன்று மேலே ஏறி வரும்.

சாக்கு மாட்டுகிறவர் சிவசாமி. அவருடைய மனைவிக்குக் கீழே தொழிற்சாலையில் கூட்டுகிற வேலை. மத்தியானம் ஏறி வரும் கொக்கி மட்டும் வெறுமனே வராது. அதில் ஒரு தூக்குச்சட்டி தொங்கும். பனிமூட்டத்துக்குள்ளிருந்து சோறு வருவதை அவர்களுடைய மகள் சண்முகவடிவு சின்ன வயதில் தினமும் பார்த்தாள். அவளுடைய படிப்பு மூன்றாம் வகுப்போடு முடிந்திருந்தது. ஒருநாள் அப்பாவிடம் கேட்டாள்.

“நான் ஒரு தடவ இதுல கீழ போயிட்டு வரவாப்பா?”

“போயேன். ஒன்னைய வாட்டி, அரைச்சு, பெட்டியில அடைச்சு லண்டனுக்கு அனுப்பிருவாங்க. அங்கன யாராச்சும் குடிச்சிருவாங்க.”

இந்தப் பதிலைப் பின்னாளில் அவள் பலரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள். கேட்டதற்காக வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை.

பதினான்கு வயதில் அவளுக்குப் பேர் பதிந்தார்கள். தோட்டத்தில் பேர் பதிவது என்றால் கொழுந்துக் கூடையை முதுகில் மாட்டிக்கொள்வது. காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டுக்களத்துக்கு முதல் நாள் போகும்போது, வழிநெடுக அம்மா ஒரு விஷயத்தைத்தான் சொல்லிக்கொண்டு வந்தாள். துரை எதிரே வந்தால் பாதையை விட்டு ஓரத்துத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கு. மழைக்குத் தலையில் போட்ட சாக்கை எடு. அவர் போன பிறகு ஏறு. அவருக்கு முன்னால் எதிலும் கால் வைக்காதே. கொழுந்து கிள்ளுவதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அது தானாக வந்துவிடும் என்று நினைத்திருப்பாள்.

வெள்ளைக்காரத் துரைமார் போனார்கள். எழுபத்தைந்தில் தோட்டம் அரசாங்கத்துக்குப் போயிற்று. கானுக்குள் இறங்குவது மட்டும் அப்படியே இருந்தது. யாரும் அதை யோசித்துச் செய்வதில்லை. மழை பெய்தால் தலை குனிகிறது. அதைப் போல.

மறுவருஷம் கம்பி நின்றது. துருப்பிடித்த இழை அறுந்து, பச்சைக் கொழுந்துச் சாக்குகள் ஓடைக்குள் விழுந்தன. புதுக் கம்பி இழுப்பதைவிட லொறிப்பாதை வெட்டுவது மேல் என்றார்கள். பாதை மலையைச் சுற்றி மறுபக்கமாகப் போயிற்று. கொழுந்துக்கு அது போதும். ஆட்களுக்கு வேண்டியது ஹட்டன். ஆஸ்பத்திரி, கடைத்தெரு, பெரிய பள்ளிக்கூடம் எல்லாம் மலைக்கு அந்தப் பக்கம் இருந்தன. அங்கே போக மலைக்குள்ளேதான் வழி. ரயில் சுரங்கம்.

ரயில், ஆட்கள் குடியிருந்த லயத்துக்கு அடியிலேயே ஓடியது. காலை ரயிலின் ஜன்னலோரம் தலை வாருகிற பெண்ணின் கையில் சீப்பு தெரியும். அவ்வளவு கிட்டே. ஆனால் நிற்காது. நீராவி எஞ்சின் காலத்தில் அந்த வளைவில் மூச்சு வாங்கும். ஆம்பளைகள் ஓடிப்போய்த் தொற்றிக்கொள்வார்கள். டீசல் வந்த பிறகு அதற்கும் வழியில்லை. எல்லோரும் தண்டவாளத்தோடு நடந்தார்கள். சுரங்கத்துக்குள் சிலிப்பர் கட்டைகளைக் காலால் தேடித் தேடி வைக்க வேண்டும். மேலேயிருந்து தண்ணீர் சொட்டும். ரயில் வந்தால் ஒதுங்கி நிற்பதற்குச் சுவரில் குழிகள் விட்டிருந்தார்கள். ஒரு குழியில் இரண்டு பேர் நிற்கலாம். மூன்றாவது ஆள் மூச்சை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும்.

சுரங்க வாசலில் பியதாச என்ற காவலாளி இருந்தார். நடக்கக் கூடாது என்று பலகையில் மூன்று மொழியில் எழுதியிருந்தது. அவர் பலகைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார். ரயில் வருகிற நேரமென்றால் மட்டும் கையைத் தூக்கி “எப்பா, எப்பா” என்று தடுப்பார். போகலாம் என்றால் “யன்ட” என்பார். தோட்டத்துக்கும் அரசாங்கத்துக்கும் இடையே அப்போதிருந்த உடன்படிக்கை அந்த இரண்டு சொல்தான்.

சண்முகவடிவு தொழிற்சாலையில் இலை அரைக்கிற வீரய்யாவைக் கட்டிக்கொண்டாள். ஒரே மகள், லெட்சுமி. தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரைதான் உண்டு. அதற்கு மேல் படிக்கிற பிள்ளைகளை விரல் விட்டு எண்ணலாம். லெட்சுமி அவர்களில் ஒருத்தி. சுரங்கத்துக்குள் வெள்ளைச் சீருடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடந்து, அந்தப் பக்கம் வெளிச்சத்துக்கு வந்ததும் இறக்கிவிடுவாள்.

எண்பதாம் ஆண்டு லெட்சுமி பெரியபிள்ளையானாள். சடங்கு முடிந்து விருந்துக்காரர்கள் போன மறுநாள், லயத்தில் தங்கள் ஒற்றை அறைக் காம்பராவின் வாசலில் உட்கார்ந்து பீடி பற்றவைத்துக்கொண்டே வீரய்யா சொன்னான்.

“இனிமே அந்த இருட்டுக்குள்ள புள்ள போகத் தேவல. தைப்பொங்கல் கழிஞ்சதும் பேரப் பதிஞ்சிருவோம். ஒங்க கங்காணிக்கிட்ட சொல்லி வையி.”

“இருட்டுத்தான் ஒங்களுக்குப் பிரச்சினையா?”

“பின்ன? படிப்புல எனக்கென்ன பகை?”

“அப்ப கோச்சி இங்கன நின்னா புள்ள போகலாம்.”

ரயிலைக் கோச்சி என்பார்கள். அது நிற்பதாவது என்று வீரய்யா சிரித்தான். பக்கத்துக் காம்பராவில் இருந்த வேலாயியும் சிரித்தாள். “ஆமா, கோச்சி நிக்கும். ஒம் மகளுக்குக் கைகாட்டி, ஏறும்மான்னு கூப்புடும்.”

“நின்னா போகட்டும்,” என்றான் வீரய்யா. “நான் குறுக்க விழ மாட்டேன். நின்னா போகட்டும்.”

அந்தச் சொல்லை அவள் பிடித்துக்கொண்டாள். தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர் செல்லசாமியை லயத்தில் பார்த்தாலும் விடவில்லை, மலையில் பார்த்தாலும் விடவில்லை. ரயில் கருங்காட்டில் நிற்க வேண்டும் என்று மனு எழுதியது பள்ளிக்கூட ஜோர்ஜ் மாஸ்டர். கையெழுத்தும் கைநாட்டும் வாங்க லயம் லயமாக நடந்தது அவள். பேர் பதிகிற விஷயத்தை, இந்தப் பொங்கல் இல்லை அடுத்த பொங்கல் என்று வீரய்யாவிடம் தள்ளி வைத்தாள். செல்லசாமி கடைசியில் கொழும்புக்கே போய்வந்தார். போய்வந்ததைப் பற்றிப் பல மாதம் பேசினார்.

“தலைவரே, நீங்க பேசுறத கோச்சிக்காரவுங்க கேட்டாங்களா, இல்ல எங்கக்கிட்ட மட்டுந்தான் பேசுறீங்களா?” என்று ஒருநாள் பெரட்டுக்களத்தில் வைத்தே கேட்டாள்.

“பாத்துக்கிட்டே இரு வடிவு. நின்னுச்சுன்னா என்னா செய்வ?”

“ஏறிப் போவோம். வேறென்ன, கும்புடவா செய்வோம்?”

இந்தப் பேச்சு நடந்தபோது நிறையப் பேர் இருந்தார்கள். எல்லோரும் சிரித்தார்கள்.

எண்பத்தொன்றில் உத்தரவு வந்தது. காலை ரயிலும் பின்னேர ரயிலும் சோதனைக்காக ஒரு மாதம் கருங்காட்டில் நிற்கும். மாதக் கடைசியில் ஓர் அதிகாரி நேரில் வந்து, ஏறுகிற சனம் உண்டா என்று பார்ப்பார். அதற்குப் பிறகுதான் முடிவு. பழைய சிலிப்பர் கட்டைகளை அடுக்கி, மண் கொட்டி ஒரு மேடை கட்டினார்கள். டிக்கெட் கொடுக்க ஆள் இல்லை. ஹட்டனில் இறங்கிக் காசு கட்ட வேண்டும். அந்தச் சீட்டில் ஏறிய இடம் எழுதுவதில்லை. கருங்காட்டில் யார் ஏறினார்கள் என்பதற்குக் கண்ணால் பார்ப்பதைத் தவிர வேறு சாட்சி கிடையாது.

அந்த மாதம் மேடையில் தினமும் கூட்டம். பள்ளிக்கூடப் பிள்ளைகள், டவுன் கடைகளில் வேலை செய்கிறவர்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிற கிழவர்கள். லெட்சுமி ஜன்னலோரத்தில் உட்கார்ந்து சுரங்கத்தைக் கடந்தாள். எத்தனை வருஷம் காலால் தேடிய இருட்டு, இரண்டு பாடல் பாடுகிற நேரத்தில் முடிந்துவிட்டது என்று அம்மாவிடம் சொன்னாள். வீரய்யா மகளுக்கு ஒரு குடை வாங்கிக் கொடுத்தான்.

அதிகாரி வருகிற நாள் வந்தது. செல்லசாமி ஒரு வாரமாகத் தூங்கவில்லை. மேடையின் இரு பக்கமும் குலை தள்ளிய வாழை கட்டியாயிற்று. கலர் தாள் தோரணம். தப்புக்காரர்கள் விடியுமுன்பே நெருப்பில் தோலைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். தோட்டத்து வேலையை மேற்பார்க்கிற கண்டாக்குவிடம் சொல்லி, பெரட்டுக்கு ஒரு மணித்தியாலம் தாமதமாக வர அனுமதி வாங்கியிருந்தார்கள். தோட்டமே மேடையில் நின்றது. கல்யாணத்துக்கு எடுத்த சேலைகளெல்லாம் பெட்டியிலிருந்து வெளியே வந்திருந்தன. பொட்டு வைக்க ஒரு சுமங்கலி வேண்டும். சண்முகவடிவைத் தவிர யாரை நிறுத்துவது? குங்குமமும் சந்தனமும் கற்கண்டும் வைத்த தட்டத்தோடு அவள் முன்னால் நின்றாள். பக்கத்தில் சீருடையோடு லெட்சுமி, கையில் பன்னீர்ச் செம்பு.

“சிரிக்காத. நேரா நில்லு,” என்றாள் அம்மா.

ரயில் வந்து நின்றது. வெள்ளைக் காற்சட்டை போட்ட அதிகாரி இறங்கினார். தப்பு முழங்கியது. மாலை விழுந்தது. சண்முகவடிவு பொட்டு வைத்தாள். லெட்சுமி பன்னீர் தெளித்தாள். அதிகாரி சிங்களத்தில் செல்லசாமியிடம் கேட்டார், போகிறவர்கள் எத்தனை பேர் என்று.

“எல்லாருந்தான் சேர்,” என்றார் செல்லசாமி. “தோட்டமே போகும்.”

அதிகாரி தலையாட்டிவிட்டு, பெட்டியின் வாசலுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். ஏறுவதைப் பார்க்க வந்தவர். ஏறட்டும் என்று நின்றார்.

சனம் இரண்டடி பின்னால் போயிற்று.

ஹட்டன் போக வேண்டியவர்கள் பையோடும் குடையோடும் அங்கேதான் நின்றார்கள். வாசலில் துரை நிற்கிறார். துரை முதலில் ஏறட்டும். யாரும் யாருக்கும் சொல்லவில்லை. எல்லோருடைய காலுக்கும் தெரிந்திருந்தது. தலைத்துண்டைத் தோளுக்கு இறக்கினார்கள். கையைக் கட்டிக்கொண்டார்கள். ஜோர்ஜ் மாஸ்டருக்கு அன்று டவுனில் கூட்டம். அவரும் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றார். அதிகாரி அவர்களைப் பார்த்தார். அவர்கள் அதிகாரியைப் பார்த்தார்கள். தப்பு மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. கார்ட் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், அதிகாரியைப் பார்த்தார், பச்சைக் கொடியை ஆட்டினார். அதிகாரி தோளை ஒரு முறை குலுக்கிவிட்டு ஏறினார். ரயில் நகர்ந்தது. கழுத்தில் மாலையோடு வாசலில் நின்று, போகும் வரைக்கும் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே போனார். கூட்டம் அவரைக் கும்பிட்டது.

ரயிலின் கடைசிப் பெட்டி சுரங்கத்துக்குள் போன பிறகுதான் தப்பு நின்றது.

“ஏய், யாருமே ஏறலியா?” என்றாள் வேலாயி.

“நீ ஏன்டி ஏறல? ஆஸ்பத்திரிக்குப் போகணும்னு துண்டுச் சீட்டு வச்சிருக்கியே?” என்றாள் பக்கத்தில் நின்றவள்.

“தொர நிக்கிறாரு. அவரு மூஞ்சிக்கு முன்னால எப்பிடி ஏறுறது? மாஸ்டரு ஏறுனா நானும் ஏறியிருப்பேன்.”

“எனக்கு முன்னால நிறைய இடம் இருந்திச்சே அம்மா,” என்றார் ஜோர்ஜ் மாஸ்டர். “நீங்க போயிருக்கலாமே.”

“அடப் பாவிகளா,” என்று செல்லசாமி மேடையிலேயே உட்கார்ந்துவிட்டார். “வாழமரத்தத் தவிர எல்லாத்துக்கும் கால் இருந்திச்சே!”

சண்முகவடிவு யாரையும் திட்டவில்லை. அவளுடைய கையில் தட்டம் அப்படியே இருந்தது. கற்கண்டில் எறும்பு ஏறத் தொடங்கியிருந்தது. லெட்சுமி இன்னும் சிரிக்காமல் நேராக நின்றாள். அன்று அவள் பள்ளிக்கூடம் போகவில்லை.

சில நாளில் செய்தி வந்தது. கருங்காட்டில் வேடிக்கை பார்க்கும் கூட்டம் உண்டு, பிரயாணிகள் இல்லை. ரயில் பழையபடி நிற்காமல் போயிற்று. வாழைமரங்கள் மேடையின் இரு பக்கமும் காய்ந்து சாய்ந்தன. யாரும் அவிழ்க்கவில்லை.

“பொங்கல் வருது,” என்றான் வீரய்யா. குரலில் அதிகாரம் இல்லை.

“கோச்சி நின்னுச்சுல்ல,” என்றாள் அவள்.

“இப்ப நிக்கலியே.”

“நின்னா போகட்டும்னுதான சொன்னீங்க. நின்னுச்சு. எத்தன நாளைக்கு நிக்கணும்னு நீங்க சொல்லவே இல்ல.”

“வடிவு, புள்ளய அந்த இருட்டுல தனியா…”

“தனியா யாரு விட்டா? நான் போறேன் கூட.”

போனாள். விடியற்காலையில் லெட்சுமியைக் கூட்டிக்கொண்டு சுரங்கத்தைத் தாண்டி, டவுன் எல்லையில் விட்டுவிட்டுத் திரும்பி ஓடிவருவாள். அதற்குள் பெரட்டு கலைந்திருக்கும். கங்காணி அழகன் அரைப்பேர்தான் போட முடியும் என்றார். அரைப்பேர் என்றால் அரை நாள் சம்பளம்.

“முழு ஆளு வந்து நிக்கிறேன், அரப்பேராங்க கங்காணியாரே?”

“நேரத்துக்கு வந்தா முழு ஆளு. இப்ப வந்தா அர ஆளு. நான் என்னாம்மா செய்ய?”

“எந்தப் பாதின்னு சொல்லிருங்க. அந்தக் கையால மட்டும் கிள்ளுறேன்.”

அழகன் சிரித்துக்கொண்டே அரைப்பேர் எழுதினார். சிரித்ததால் அது முழுப்பேராகவில்லை. பின்னேரங்களில் வீரய்யா வேலை விட்டு வந்து, பியதாசவுக்குப் பக்கத்தில் டோர்ச் லைட்டோடு குந்தியிருப்பான். டவுன் வேலைக்குப் போனவர்களோடு மகள் சுரங்கத்திலிருந்து வெளியே வந்ததும் முன்னால் நடப்பான்.

இப்படியே ஒரு வருஷம் போயிற்று. ஒருநாள் காலை, சுரங்கத்தைத் தாண்டி, இரு பக்கமும் மண் சுவர் எழும்பிய வெட்டுப்பாதையில் நடந்துகொண்டிருந்தார்கள். அம்மா, மகள், டவுன் வேலைக்குப் போகிற சிலர். எதிரே தண்டவாளத்தில் ட்ரொலி வந்தது. அதிகாரிகள் பாதையைப் பார்வையிடப் போகிற தள்ளுவண்டி. பின்னால் இரண்டு பேர் தள்ள, முன்னால் குடைக்குக் கீழே உட்கார்ந்திருந்தவர் அதே அதிகாரி.

கூட வந்தவர்கள் மண் சுவரில் ஏறித் தொங்கிக்கொண்டார்கள். லெட்சுமியும் ஒரு காலைத் தூக்கி வைத்தாள். சண்முகவடிவு அவளுடைய கையை விடவில்லை. தண்டவாளத்துக்கு நடுவிலேயே நடந்தாள். ட்ரொலிக்காரர்களில் ஒருவன் இராயப்பன், பக்கத்துத் தோட்டத்து ஆள். “ஏ ஆச்சி, ஒதுங்கு! ஒதுங்கு!” என்று கத்திக்கொண்டே பிரேக்கை மிதித்தான். வண்டி அவளுக்கு ஒரு கை தூரத்தில் நின்றது.

“தம்பி, தொரைக்கிட்ட சொல்லு,” என்றாள். “நாங்க கருங்காட்டு ஆளுக. அன்னைக்கு ஏறாம நின்னவுங்க. இவங்க எல்லாரும் தினமும் இப்பிடித்தான் போறாங்க. பாத்துக்கிறச் சொல்லு.”

இராயப்பன் சிங்களத்தில் சொன்னான். அதிகாரிக்கு நினைவு வந்தது. மாலையை நினைத்தாரோ என்னவோ, கழுத்தைத் தடவிக்கொண்டார். பிறகு ஏன் அன்று ஏறவில்லை என்று கேட்டார்.

“தொர வாசல்ல நின்னாருங்க. அவருக்கு முன்னால எப்பிடி ஏறுறது?”

அதிகாரி அவளையும், வண்டியையும், இரண்டுக்கும் நடுவே இருந்த சின்ன இடைவெளியையும் பார்த்தார். இப்போது மட்டும் எப்படி முன்னால் நிற்கிறாள் என்று கேட்கச் சொன்னார்.

சண்முகவடிவு அதை யோசித்திருக்கவில்லை. சுவரில் தொங்கிக்கொண்டிருந்தவர்களை ஒருமுறை பார்த்தாள்.

“புள்ளைக்கு நேரமாச்சுங்க,” என்றாள்.

அதற்குப் பிறகு வண்டிக்கும் சுவருக்கும் இடையே மகளை நுழைத்துவிட்டு, தானும் போனாள். இராயப்பன் இந்தக் கதையைச் சொல்லும்போது, அதிகாரி சிரித்தார் என்று ஒரு தடவை சொன்னான். இன்னொரு தடவை, சிரிக்கவே இல்லை, குடையைச் சுருக்கி வைத்தார் என்றான்.

மழைக்காலம் முடிந்து வந்த புது நேர அட்டவணையில் கருங்காடு இருந்தது. காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று. ட்ரொலிதான் காரணம் என்பது லயத்துப் பேச்சு. தன் இரண்டாவது மனுதான் காரணம் என்பார் செல்லசாமி. தேர்தல் வரப்போகிறது, அதனால்தான் என்று ஜோர்ஜ் மாஸ்டர் மெதுவாகச் சொல்வார். எது சரி என்று எனக்குத் தெரியவில்லை. இந்த முறை வாழைமரம் கட்டவில்லை.

சண்முகவடிவுக்கு முழுப்பேர் திரும்பி வந்தது. மகளோடு போக வேண்டியதில்லை. ஆனாலும் பெரட்டுக்குப் போகிற வழியில், கூடையை முதுகில் போட்டுக்கொண்டு, காலை ரயிலுக்கு மேடையில் வந்து நிற்பாள். வாசலில் காற்சட்டைக்காரர் யாராவது நின்றால் போதும், வரிசை தானாகத் தயங்கும். உடனே பின்னாலிருந்து குரல் வரும்.

“ஏறுங்கடி! என்னா கோயில்லயா நிக்கிறீங்க? மாஸ்டர், ஒங்களத்தான்! ஏறுங்க!”

முதல் வாரத்தில் ஒருநாள் தோட்டத்துக் கண்டாக்குவே ஹட்டனுக்குப் போக வந்தார். தொப்பியும் தடியுமாக, பெட்டியின் வாசல் வந்து நிற்கிற இடத்துக்கு நேரே நின்று, யாரையோ எதிர்பார்ப்பது போலச் சுரங்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரயில் வந்தது. வரிசை நின்றது. தப்பு அடிக்காத குறைதான். லெட்சுமி முதலாவதாக நின்றாள், குடையைப் பிடித்தபடி, காலை எடுக்காமல்.

சண்முகவடிவு இந்த முறை சத்தம் போடவில்லை. கண்டாக்கு மறுநாளும் அவளுக்கு வேலை பிரித்துக் கொடுக்கிற ஆள். வரிசையின் ஓரமாக வந்து, மகளின் முதுகில் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். லெட்சுமி ஓரடி முன்னால் போனாள். குடையின் முனை கண்டாக்குவின் இடுப்பில் பட்டது.

கண்டாக்கு திரும்பிப் பார்த்தார். வெள்ளைச் சீருடை, இரட்டைச் சடை, பின்னால் கூடையோடு ஒரு கொழுந்துக்காரி.

அவர் ஒதுங்கி நின்றார்.